ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

நீக்கிலாஸ் அண்ணை பேசத் தொடங்கினால், சுவிஸ் நாட்டில் மழைகூட ஊர்க்கூட்டத்தில் அனுமதி வாங்கித்தான் பெய்கிறது என்று நம்பத் தோன்றும். அப்படி ஒரு வாய். தபால் பிரிக்கிற இடத்தில் இருபத்தாறு வருடம் வாய் திறக்காமல் வேலை செய்த மனிதர், ஓய்வு பெற்றபிறகு அவ்வளவையும் சேர்த்து வைத்துப் பேசுகிறார் என்று அவருடைய மனைவி ஜெனாட் சொல்லுவார். "ஊருக்கெல்லாம் சனநாயகம், வீட்டில ரிமோட் மட்டும் அவற்ற கையில" என்பது ஜெனாட்டின் இன்னொரு முறைப்பாடு. இதையெல்லாம் அண்ணை காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பக்கத்து நூலகத்தின் கீழ்த்தள அறையில் அவருடைய பேச்சு நடக்கும். 'ஐரோப்பாவில் ஊரும் உரிமையும்' என்று தொடருக்குப் பெயர். சரக்கு அவருடைய குடும்பத்திலேயே இருந்தது. போர் சிதறடித்த குடும்பம் அது. தம்பி வின்சன்ற் சுவிஸில் ஒரு சின்ன ஊரில், தங்கை நோர்வேயில், பெரியம்மாவின் மகன் பாரிஸில். மற்றவர்கள் வெளிநாட்டு உறவினரிடம் சுகம் விசாரிப்பார்கள். இவர், உங்கள் தெருவுக்கு விளக்குப் போடுவதென்று யார் முடிவெடுத்தது என்று விசாரிப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் உழைத்துத்தான் பேசினார். நோர்வேயில் மூன்று வருடம் குடியிருந்தால் போதும், அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குப் போடலாம் என்றார். பாரிஸில் நகரசபைப் பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அங்கே வாழ்கிற சனமே வாக்களித்துச் சொல்கிறது, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று எவரும் கேட்பதில்லை என்றார். போலந்தில் கிராமம் கூடியிருந்து, பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரையா பிள்ளைகளுக்கு ஊஞ்சலா என்று முடிவெடுக்கிறது. அயர்லாந்தில் சீட்டுக் குலுக்கிச் சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு இருத்தி, நாட்டின் பெரிய கேள்விகளை அவர்கள் கையில் கொடுத்து யோசிக்கச் சொல்கிறார்கள். "நோர்வேக்காரன் நம்பி வாக்குப் போடுவான். பிரெஞ்சுக்காரன் நம்பாமல் வாக்குப் போடுவான். சுவிஸ்காரன் வாக்குப் போட்டபிறகும் விடான், அடுத்த கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேப்பான்" என்று அவர் சொல்லும்போது அறை சிரிக்கும். அண்ணையும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருப்பார்.

செப்டெம்பர் மாதப் பேச்சில் அவர் வின்சன்ற்றின் ஊர்க்கூட்டத்தைச் சொன்னார். பாடசாலை மண்டபத்தில் ஊர் கூடும். தலைவர் ஒரு விஷயத்தை வாசித்துவிட்டு, யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்பார். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேட்பார். அதற்குப் பிறகுதான் கைகள் உயரும். கைகளை எண்ணுவதற்கென்று ஆட்கள் தனியாக நிற்பார்கள்.

இரண்டாம் வரிசையில் இருந்த ஸுபைதா கையை உயர்த்தினார். நீக்கிலாஸ் அண்ணையின் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருப்பவர். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு அவருடைய பிறந்த இடம்.

"அண்ணை, மூண்டாந்தரமும் ஒருத்தரும் கதைக்காட்டி?"

"அப்பவும் உடன முடிக்க மாட்டினம், தங்கச்சி. தலைவர் கடைசி வரிசையை ஒருக்காப் பாப்பார். கூச்சப்படுகிற ஆக்கள் அங்கதானே இருப்பினம்."

"நல்ல பழக்கம்" என்றார் ஸுபைதா. "எங்கட பில்டிங் கூட்டத்தையும் இந்த முறை நீங்கள்தானே நடத்துறீங்கள்?"

"ஓம், நான்தான். அதே மாதிரித்தான் நடக்கும்."

கைதட்டல் விழுந்தது. அன்று நீக்கிலாஸ் அண்ணை நூலகத்திலிருந்து வீட்டுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தே போனார். அவ்வளவு சந்தோஷம்.

ஸுபைதா ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி இந்தப் பக்கம், வோபர்ன் என்ற நகர்ப்பகுதியில் அவர்கள் இருப்பது ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு. ஐந்து மாடி. வீட்டுக்காரன் என்று ஒருவன் கிடையாது, இருப்பவர்கள்தான் அங்கத்தவர்கள். முக்கால்வாசி தமிழ்ச் சனம். வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்துக்கு ஏதாவது ஒரு நல்ல வேலை செய்வதற்கென்று பணம் ஒதுக்குவார்கள். ஒரே ஒரு வேலை. அது என்ன வேலை என்பதை அங்கத்தவர் கூட்டம் முடிவெடுக்கவேண்டும் என்பது விதி.

ஸுபைதாவுக்கு வேண்டியிருந்தது முன்வாசல் கதவு. அவருடைய கணவர் மஃரூப் முன்பு பழுதான வாகனங்களை இழுத்துப்போகும் ட்ரக் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது சக்கர நாற்காலி. முன்வாசலில் குளிரைத் தடுக்க ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், இரண்டும் பாறாங்கல் பாரம். ஸுபைதா முதுகால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து, நடுவில் திருப்பி, அடுத்த கதவை மறுபடி முதுகால் தள்ளுவார். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் மஃரூப் கீழே வந்து, யாராவது வந்து திறக்கும்வரை கண்ணாடிக்குள்ளால் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் வாகனம் அவரை ஏற்றாமலே திரும்பிப் போன நாட்களும் உண்டு. பொத்தானை அமத்தினால் தானாகத் திறக்கிற கதவு இருந்தால் அந்த மனிதர் தன் பாட்டில் வெளியே போய்வருவார். வேண்டியது அவ்வளவுதான்.

இனி அண்ணையின் மறுபக்கத்துக்கு வருவோம்.

கட்டடத்துக் கூட்டுறவின் தலைவர் தியாகு; கூட்டம் நடத்துவதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவரைப் பிடிப்பார்கள். நீக்கிலாஸ் அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர். இருவரும் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில் ஆரம்பம் முதல் இருப்பவர்கள். அந்தச் சங்கத்தில் ஒரு காலத்தில் உண்மையான தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். அதோடு சங்கம் இரண்டாகப் பிளந்தது. இன்றைக்கும் ஒரே பெயரில் இரண்டு சங்கம், ஒரே நாளில் இரண்டு ஒன்றுகூடல், கலியாண வீட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு கூட்டம். அன்றிலிருந்து இவர்களுக்கு வாக்கெடுப்பு என்றாலே பயம். கூட்டத்துக்கு முந்தின வாரமே தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, யார் முதலில் கைதட்டுவது என்பதுவரை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து வேறு கருத்துச் சொன்னால் அது அவமரியாதை. யாருக்கு என்று கேட்டால் எல்லாருக்கும் என்பார்கள்.

"மச்சான், இந்த முறை எங்கட பில்டிங் ஹோலைத் திருத்துவம்" என்றார் தியாகு, கோப்பிக் கடையில் இருந்துகொண்டு. "ஒரு மேடை, நல்ல சவுண்ட் சிஸ்ரம், பெரிய திரை. பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி எல்லாத்துக்கும் உதவும். நீயும் உந்த லைப்ரரி நிலக்கீழ் அறையில கிடந்து கத்தத் தேவையில்லை. முதல் நிகழ்ச்சி உன்ர பேச்சுத்தான்."

நீக்கிலாஸ் அண்ணை கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கலந்த கோப்பி.

"ஸுபைதா கதவு கேக்கப்போறா போல கிடக்கு" என்றார்.

"அது அடுத்த வருசம் பாப்பம். இப்ப ரெண்டையும் கொண்டந்து வைச்சா சனம் ரெண்டாப் பிரியும். மஃரூப்பின்ர ஆக்கள், எங்கட ஆக்கள் எண்டு கதை வரும். தேவையோ?"

தேவையில்லைத்தான் என்று அண்ணைக்குப் பட்டது. அப்படிப் படும்போதே, புதிய மேடையில் பெரிய திரைக்கு முன்னால் தான் நிற்கிற காட்சியும் கண்ணுக்குள் வந்து போனது. எது முதலில் வந்தது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார்.

அந்த வாரம் அவரே வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தார். இரண்டாம் மாடி பேர்ணடெற் முன்மொழிவது. நாலாம் மாடி முரளி வழிமொழிவது. மற்றவர்கள் கைதட்டுவது. எல்லாரும் "ஓம் அண்ணை, நீங்கள் சொன்னாச் சரி" என்றார்கள். மூன்றாம் மாடிக்கு மட்டும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

ஒக்டோபர் ஞாயிறு பின்னேரம் கூட்டம். வெளியே வளாகத்தைச் சுற்றி ஒரு நடை கொண்டுபோய்விட்டு ஸுபைதா மஃரூப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீக்கிலாஸ் அண்ணையே ஓடிப்போய் இரண்டு கதவையும் பிடித்தார். மஃரூப் இடது கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னார். பேச்சு அவருக்குக் குழறும், அதனால் வாயைத் திறப்பது குறைவு. அன்றைக்கு மொட மொடவென்ற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர்களுக்கு இடம் கிடைத்தது கடைசி வரிசையில்.

அண்ணை தலைமைக் கதிரையில் இருந்தார். மௌன அஞ்சலி, வரவேற்பு, போன வருட அறிக்கை. பிறகு பேர்ணடெற் எழுந்து, ஹோலைத் திருத்தவேண்டும் என்று முன்மொழிந்தார். முரளி எழும்பி முடிக்குமுன்னரே பாதியில் நின்றபடி வழிமொழிந்தான். அந்த இடத்தில்தான் கூட்டம் நடத்துகிறவர் கேட்கவேண்டும். யாராவது பேச விரும்புகிறீர்களா?

நீக்கிலாஸ் அண்ணை தலையை நிமிர்த்தினார். கடைசி வரிசை நேர் எதிரே தெரிந்தது. ஸுபைதா நிமிர்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறை கேட்கட்டும் என்று காத்திருக்கிற முகம். கேட்பார் என்பதில் ஒரு துளி சந்தேகமும் இல்லாத முகம். அண்ணையின் பார்வை ஒரு கணம் அங்கே நின்றது. பிறகு தியாகுவிடம் போனது. தியாகு கைகளைத் தட்டத் தயாராகச் சேர்த்து வைத்திருந்தார்.

"மாற்றுக் கருத்து இல்லாதபடியால் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றார் நீக்கிலாஸ் அண்ணை, ஒரே மூச்சில்.

கைதட்டல் எழும்பியது. ஸுபைதாவின் கை அரைவாசி உயர்ந்திருந்தது. அவர் அதைத் திரும்ப இறக்கத் தெரியாமல், தலையில் கிடந்த முக்காட்டைச் சரிசெய்வதுபோல் கொண்டுபோனார். பக்கத்தில் மஃரூப்புக்கு என்ன நடந்தது என்று சரியாக விளங்கவில்லை. எல்லாரும் தட்டுகிறார்களே, ஏதோ நல்லதுதான் முடிந்திருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும். வலக்கை அசையாதவர் அல்லவா, இடது கையால் தன் தொடையில் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்போடு தட்டினார்.

நீக்கிலாஸ் அண்ணை அதைப் பார்த்தார். பார்த்திருக்கவே கூடாது என்று நினைத்தார்.

பிறகு தேநீரும் ரோல்சும் பரிமாறினார்கள். ஸுபைதா நேரே அவரிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அண்ணை இரண்டு மூன்று சமாதானங்களை மனதுக்குள் தயாராக்கினார். அவர் சண்டைக்கு வரவில்லை.

"அண்ணை, நீங்கள் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"அது வந்து, தங்கச்சி, நேரம் போட்டுது. அடுத்த வருசம் கட்டாயம் முதல் விஷயமா எடுப்பம்."

"முர்ஷிதா எனக்கு ஏசினவள்" என்றார் ஸுபைதா. முர்ஷிதா பக்கத்து நகரமான விட்பியில் இருக்கும் அவருடைய மகள். "லோயரிட்டப் போனால் சட்டப்படி கதவு போட்டுத்தான் ஆகோணும், ஏன் உங்களுக்கு உந்தக் கூட்டமும் கீட்டமும் எண்டு கேட்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான். ஒரே கூரையின்ர கீழ இருக்கிற சனம், முதல்ல சனத்திட்டக் கேப்பம், கேட்டா இல்லையெண்டு சொல்லமாட்டினம் எண்டனான். உங்கட பேச்சைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு அந்த யோசினையே வந்தது."

இதைச் சொல்லிவிட்டு அவர் மஃரூப்புக்கு ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போனார். நீக்கிலாஸ் அண்ணையின் கையில் இருந்த தேநீர் ஆறிப்போய் ஆடை படர்ந்தது. முகத்தில் ஈயாடவில்லை. நாலு பேர் வந்து, கூட்டத்தை அழகாக நடத்தினீர்கள், ஒரு சத்தம் சந்தடி இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாராட்டும் செவிட்டில் ஓர் அறையாக விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிடுமோ என்று பயந்து படியால் ஏறினார். முழங்கால் வலிக்காரர். முன்வாசலில் மஃரூப் கண்ணாடிக்குள்ளால் தெருவைப் பார்த்தபடி இருப்பதைக் கண்டால், போய்க் கதவைத் திறந்துவிடுவார், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டார். மஃரூப் வழமைபோல இடது கையை நெஞ்சில் வைப்பார். வெட்கம் என்றால் சும்மா வெட்கமல்ல, உள்ளுக்குள் பிடுங்கித் தின்கிற வெட்கம். ஒருநாள் வேறொரு நினைவும் கூடவே வந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான ஸுபைதாவின் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், அவர்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயுதமேந்திய இயக்கத்தின் ஒலிபெருக்கி சொன்னது. அவர்கள் போனார்கள். மிச்சச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது, மாற்றுக் கருத்து ஒன்றும் எழவில்லை. அந்தச் சனத்தில் ஒரு பெண் இங்கே வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு, நம்மவர்கள் கேட்பார்கள் என்று நம்பி ஒரு கதிரையில் காத்திருந்தார். அதை நினைத்தபோது அண்ணை பாதிச் சாப்பாட்டோடு எழும்பிவிட்டார்.

வின்சன்ற் சுவிஸிலிருந்து கூப்பிட்டு, கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டார். தம்பியிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொன்னார்.

"அண்ணை, பாஸ்போட் கிடைக்க முந்தி நான் எத்தினை வருசம் ஊர்க்கூட்டத்தில பார்வையாளர் வாங்கில இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்" என்றார் வின்சன்ற். "உனக்கு இஞ்ச கை தூக்க உரிமையில்லை, அங்கால போய் இரு எண்டு நேர சொன்னாங்கள். கவலைதான். ஆனா ஒருத்தனும் என்னை ஏமாத்தேல்லை. நீங்கள் அந்த மனுசிக்கு உரிமை இருக்கு, வா, இரு எண்டு கூப்பிட்டெல்லோ ஏமாத்தியிருக்கிறீங்கள்."

அடுத்தநாள் காலையிலேயே நீக்கிலாஸ் அண்ணை தியாகுவின் வீட்டுக் கதவைத் தட்டினார். திரும்பக் கூட்டம் வைக்கவேண்டும் என்றார்.

"உனக்கென்ன விசரே? ஏகமனதா முடிஞ்ச விஷயம். ஸுபைதாவின்ர மனுசன்கூடக் கைதட்டினவர்."

"அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு, தியாகு."

தியாகு கெட்ட மனிதர் அல்ல. நண்பரின் முகத்தைப் பார்த்தார், சோஃபாவில் இருத்தினார், நெடுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் இறங்கி வந்தார். "சரி. வைப்பம். ஆனா ஒழுங்கா வைப்பம். நானும் ஒருத்தரோடயும் கதைக்கமாட்டன், நீயும் ஒருத்தருக்கும் கோல் எடுக்கப்படாது. சனம் தன்ர பாட்டில கை தூக்கட்டும். ஆனா ஏன் திரும்பக் கூடுறம் எண்டு நீதான் சபையில சொல்லோணும். நீதான் நடத்தினனீ."

"சொல்லுறன்" என்றார் அண்ணை. பெரிய பாரம் இறங்கினதுபோல் இருந்தது.

மூன்று வாரம் அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். தொலைபேசியைத் தொடவில்லை. ஒருநாள் லிஃப்டுக்குள் பேர்ணடெற் பிடித்துக்கொண்டார். "அண்ணை, திரும்பவும் கூட்டமாம். என்ன மாதிரி?" நீக்கிலாஸ் அண்ணை விரலை உதட்டில் வைத்து, "அதை நான் சொல்லப்படாது, பேர்ணடெற். நீங்களே யோசியுங்கோ" என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஸுபைதாவிடம் மட்டும் போய், இந்த முறை மூன்று தரம் கேட்பேன், நீங்கள் கட்டாயம் பேசவேண்டும் என்றார். அவர் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

நவம்பரில் மறுபடி ஹோல் நிறைந்தது. அதே கதிரைகள், அதே சனம், முதல் பனி விழுந்த ஈரச் சப்பாத்துகள். நீக்கிலாஸ் அண்ணை எழுந்தார். சொல்லவேண்டிய வசனத்தைக் காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தார். போன முறை நான் ஸுபைதாவைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே பேச விடாமல் செய்தேன், முன்கூட்டியே எல்லாம் தொலைபேசியில் பேசி வைத்திருந்தேன், அது பிழை. அவ்வளவுதான். சின்ன வசனம்.

சனம் அவரைப் பார்த்தது. எத்தனை வருடமாக அண்ணை அண்ணை என்று மரியாதை வைத்திருக்கிற சனம்.

"போன முறை முறையில ஒரு சின்னக் குறை இருந்தபடியால்," என்றார், "அந்த விஷயத்தை முறைப்படி இன்னொருக்காச் செய்வம் எண்டு கூடியிருக்கிறம்."

சொல்லிவிட்டு இருந்தார். பூசி மெழுகிவிட்டோம் என்று தெரிந்தது. பரவாயில்லை, இனி நடப்பது ஒழுங்காக நடந்தால் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தியாகு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பேர்ணடெற் ஹோலைப் பற்றிச் சொன்னார். "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று அண்ணை கேட்டார். ஒருவரும் இல்லை. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். ஸுபைதா எழுந்தார்.

அவர் நன்றாகப் பேசினார் என்று சொல்லமுடியாது. நடுவில் ஒரு இடத்தில் என்ன சொல்லவந்தேன் என்று மறந்துபோய் நின்றார். "இவர் ஒரு நாளைக்குக் கனநேரம் அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கிறார்" என்றார். "நீங்கள் எல்லாரும் திறந்து விடுறீங்கள்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒவ்வொரு தரமும் ஆரேன் ஒருத்தர் வாறவரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறது அவருக்கு ஒரு மாதிரி. கதவுதான் வேணும். ஹோலை அடுத்த வருசம் செய்வமே." அவ்வளவுதான் பேச்சு. மஃரூப் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார்.

பிறகு வாக்கெடுப்பு. ஹோலைத் திருத்த விரும்புகிறவர்கள் என்று அண்ணை கேட்டார். கைகள் உயர்ந்தன. முன்வரிசை, நடுவரிசை, சுவரோரம் நின்றவர்கள், எல்லாம் உயர்ந்தன. மூக்கை உறிஞ்சிய பெண்ணின் கையும் உயர்ந்தது. கதவு என்று கேட்டபோது ஸுபைதாவின் கை, மஃரூப்பின் இடது கை, ஐந்தாம் மாடியில் இருக்கும் இரண்டு ஜமெய்க்காக் குடும்பத்தவரின் கை, ஒருவரையும் பார்க்காமல் மெல்ல உயர்ந்த தியாகுவின் கை. அவ்வளவுதான். தலைமை தாங்குகிறவர் வாக்களிப்பதில்லை என்பது முறை. நீக்கிலாஸ் அண்ணையின் கைகள் மேசையில் கிடந்தன.

கூட்டம் முடிந்தது. இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. ஸுபைதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் அமைதியாக இருந்தது.

"கேட்டீங்கள், அண்ணை. சொன்ன மாதிரி மூண்டு தரமும் கேட்டீங்கள். உங்களில எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. போன முறை சனத்துக்குத் தெரியாது எண்டு நினைச்சன். இந்த முறை எல்லாம் கேட்டுட்டுத்தான் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம். அப்ப சனத்துக்கு விருப்பமில்லை. அது விளங்குது." கணவரின் சட்டைக் கொலரைச் சரிசெய்தார். "முர்ஷிதா கனநாளா விட்பிக்கு வரச் சொல்லிக் கேக்கிறாள். கீழ் வீடு, படியும் இல்லை. நாங்கள் அங்க போறம். எங்களை வேண்டாமெண்ட இடத்தில இருந்து பழக்கமில்லை."

கூடவே போய் மறிக்கவேண்டும், ஏதாவது சொல்லவேண்டும் என்று நீக்கிலாஸ் அண்ணைக்கு இருந்தது. ஆனால் என்ன சொல்வது? வாக்கெடுப்பு நேர்மையாக நடந்திருக்கிறது. வின்சன்ற்றின் ஊரிலும் தோற்றவர்கள் இப்படித்தான் எழுந்து போவார்கள். வருத்தம்தான், ஆனால் இது உண்மையான வருத்தம், இதில் தன்னுடைய களவு இல்லை என்று நினைத்தார். முதல்தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. அவர்கள் வாசலைத் தாண்டிப் போனபிறகு, கோபம் சனத்தின்மேல் திரும்பியது. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, அந்த மனிதனின் முகத்துக்கு எதிரே எப்படி இவர்களால் கையைத் தூக்க முடிந்தது?

அப்போது பேர்ணடெற் தேநீர்க் கோப்பையோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அண்ணை, சரியாத்தானே செய்தனாங்கள்?"

"எது சரி?"

"கை தூக்கினது. ஸுபைதா அக்கா கதைக்கேக்க எனக்கு நெஞ்சை அடைச்சுது. கதவுக்குத் தூக்குவமோ எண்டுகூட நினைச்சன். முரளியும் உதைத்தான் சொன்னவன். ஆனா நீங்கள் போன மாசம் கோல் எடுத்து ஹோலுக்கு எண்டு சொன்னனீங்கள். பிறகு மாத்திச் சொல்லேல்லை. லிஃப்டுக்க நான் கேட்டும் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கும் அதைத்தானே முறைப்படி இன்னொருக்காச் செய்வம் எண்டனீங்கள். உங்கட சொல்லை மீறி எப்பிடித் தூக்கிறது? எல்லாரும் அதாலதான் தூக்கினவை."

நீக்கிலாஸ் அண்ணை குளியலறைக் கண்ணாடிக்கு முன் சொல்லிப் பார்த்த அந்தச் சின்ன வசனம் இப்போது முழுதாக, ஒரு சொல் பிசகாமல், வாய்க்குள் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் போதும். மேல் மாடியில் ஸுபைதா, சனம் தன்னைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றது என்று நினைத்துக்கொண்டு, மகளுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்பார்.

பேர்ணடெற் அவருடைய முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று விளங்கி, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிழையெண்டால் திரும்ப ஒருக்காக் கூடுவம், அண்ணை. எதுக்குத் தூக்கோணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. சொன்னபடி தூக்கிறம்."